சனிக்கிழமைப் பஞ்சாயத்து

எங்கள் ஆபீஸில் சண்டை நின்றுபோனபோது எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் சந்தோஷமில்லை. அங்கே சண்டை வந்தால் தீர்த்துவைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இதைச் சொன்னால் காலேஜ் தோழிகள் நம்பமாட்டார்கள். "சண்டை பாக்கச் சம்பளமா? எங்க வீட்டுக்கு வாடி, ஓசியிலயே பாக்கலாம்" என்பார்கள். சிரிக்கட்டும். வேலை இதுதான். டெல்டா விவசாயிகள் ஒரு ஆப்பில் குரலில் செய்தி அனுப்புவார்கள். போன மழைக்காலத்தில் வந்தவை எழுத்தாக மாறி எங்களிடம் வரும். அனுப்பியவர் யார், எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியக் கூடாதாம். அதனால் பெயரையும் ஊரையும் அழித்துவிட்டு அங்கே ஒரு கறுப்புக் கட்டம் போட்டிருப்பார்கள். வாக்கியத்தில் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் மஞ்சள் அடித்திருக்கும். அதன் கீழே இரண்டு மூன்று அர்த்தங்கள். இந்த ஆள் எந்த அர்த்தத்தில் சொல்கிறார் என்று பார்த்து ஒன்றைத் தட்ட வேண்டும். நாங்கள் தட்டுவதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும். மழைக்காலத்தில் செய்திகள் கொத்துக் கொத்தாக வரும்போது எது அவசரம், எது சும்மா பேச்சு என்று அதுவே பிரிக்கும். அவசரமானது ஒரு மனிதரின் கைக்குப் போகும். சும்மா பேச்சு எங்கேயோ போய்க் கிடக்கும்.

ஒரே வாக்கியத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். பார்க்கும்போது பேசிக்கொள்ளக் கூடாது. இரண்டு பேரும் ஒரே அர்த்தத்தைத் தட்டினால் அது அப்படியே போய்விடும். வேறு வேறாகத் தட்டினால் மூன்றாவது ஆளிடம் வரும். சனிக்கிழமை மதியம் அந்த மூன்றாவது ஆள் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் காரணம் கேட்டு ஒன்றை முடிவு செய்ய வேண்டும். கம்பெனிக்காரர்கள் இதற்கு என்னமோ நீளமாக இங்கிலீஷில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் பஞ்சாயத்து என்போம். அந்த மூன்றாவது ஆள் நான்தான். பி.எஸ்சி. முடித்து ஒரு வருடம்கூட ஆகாத கரந்தைப் பெண் நாட்டாமை சீட்டில். செம கெத்தாகத்தான் இருந்தது, மறுக்க மாட்டேன்.

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். கீழே கிரைண்டரை ஓட்டிப் பார்த்தால் எங்கள் தரை லேசாக நடுங்கும். மூன்று மேஜை, ஒரு யு.பி.எஸ்., சுவரில் ஒரு டிவி. டிவியில் படம் கிடையாது. ஒரு நிறம் மட்டும் தெரியும். இரண்டு பேரும் பெரும்பாலும் ஒத்துப்போனால் பச்சை, கொஞ்சம் இடித்தால் மஞ்சள், ரொம்ப இடித்தால் சிவப்பு. அந்த நிறம் எங்கள் மூன்று பேர் முகத்திலும் நாள் முழுக்க விழுந்துகொண்டே இருக்கும்.

இரண்டு பேர் என்றேன். ஒருவர் குத்தாலத்துக்காரர். முப்பது வயது இருக்கும். தினமும் காலை ரயிலில் வருவார். ஞாயிற்றுக்கிழமை லுத்தரன் சர்ச்சில் பாடுவார், மற்ற நாளெல்லாம் எங்கள் உயிரை வாங்குவார். அவருக்கு நான் "ஜட்ஜம்மா". இன்னொருவர் அக்கா. திருத்துறைப்பூண்டிப் பக்கம், எம்.ஏ. தமிழ், என் அம்மாவைவிட ஐந்தாறு வயது சின்னவர். தஞ்சாவூரில் ஒரு போர்ஷன் எடுத்துப் பெண்ணை இங்கே படிக்கவைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் துபாயில். அத்தா, அதாவது அவருடைய அப்பா, மட்டும் ஊரில் தனியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு அந்த வேலை ஏன் முக்கியம் என்று சேர்ந்த வாரமே எங்களிடம் சொல்லிவிட்டார். ஒளிக்கிற ஆள் இல்லை.

"அவுஹ ஆறு வருசமா கூப்புடுறாஹ, புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்துருன்னு. வேலை கெடச்சா இங்க இருக்கேன், இல்லன்னா வர்றேன்னு நானும் வாக்குக் குடுத்துட்டேன். இப்ப வேலை இருக்கு, அதனால இருக்கேன்."

"போனா என்னக்கா, ஜாலிதானே? ஏசி, மால்..." என்றேன்.

"ஒருதடவ போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். ஒரு ரூமு. ஜன்னலத் தொறந்தா எதுத்த பில்டிங்கோட ஏசிப் பெட்டி. அத்தாவ யாரு பாக்குறது? அதவிடு, அங்க போனா இவரு மாதிரி ஒரு ஆளு சண்டை போடக் கெடைப்பாரா?"

குத்தாலத்துக்காரர் நாற்காலியைத் திருப்பாமலே, "பாசமா சொல்றாங்களா, திட்டுறாங்களா, ஜட்ஜம்மா, நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்க" என்றார்.

அந்த இரண்டு பேருக்கும் நடந்த சண்டையைப் பார்த்தால் டிக்கெட் போடலாம். முதல் பெரிய சண்டை எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. வாக்கியம் சாதாரணமானது. "கட்டத்துல நட்ட வயல்ல தண்ணி நிக்குதுங்க." கட்டம் என்றால் ஊர் பெயர் அழித்த இடம். 'நிக்குது'வில் மஞ்சள். முதல் அர்த்தம், வேண்டிய அளவு இருக்கிறது. இரண்டாவது, வடியாமல் தேங்கிக் கிடக்கிறது. அவர் முதலாவதைத் தட்டியிருந்தார், அக்கா இரண்டாவதை.

"நட்ட வயல்ல தண்ணி நின்னாத்தான் பயிர் பச்ச புடிக்கும். சந்தோஷமா சொல்றான் மனுசன்" என்றார் அவர்.

"சந்தோஷமா இருக்குறவன் வேலைவெட்டி இல்லாம ஆப்ல வந்து எதுக்குத் தம்பி சொல்றான்? வடியல, என்ன பண்றதுன்னு கேக்குறான்."

"கேக்கலயே. கேள்விக்குறி எங்க இருக்கு?"

"அழுவுறவன் கேள்விக்குறி போட்டுக்கிட்டா அழுவான்?"

"இல்லக்கா, எங்க பக்கம்லாம் தண்ணி நிக்குதுன்னா..."

"ஒங்க பக்கம் வடிஞ்சுரும். எங்க பக்கம் கடலு உள்ள வாங்குனாத்தான் வடியும். ஐப்பசியில கடலு வாங்குமா?"

"உங்க பக்கம்னு இதுல எங்கக்கா எழுதியிருக்கு?"

"ஒங்க பக்கம்னு மட்டும் எழுதியிருக்கா? கட்டந்தான இருக்கு. அந்தக் கட்டத்துல நீங்க குத்தாலத்தப் போட்டுப் படிக்கிறீங்க. நான் திருத்துறைப்பூண்டியப் போட்டுப் படிக்கிறேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பார்த்து வளர்ந்த தண்ணீர் கரந்தைக்குப் பின்னால் ஓடுகிற வடவாறு. அதில் கால் நனைத்ததோடு சரி. கம்பெனி கொடுத்த வழிகாட்டி விதியில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். சந்தேகம் வந்தால், கெடுதல் என்பதற்குத் தெளிவான சான்று இல்லாதவரை முதல் அர்த்தத்தையே எடுக்கவும் என்று இருந்தது. எடுத்தேன். அக்கா கைப்பையில் இருந்து ஒரு பொட்டலம் கடலை மிட்டாயை எடுத்து உடைத்து எங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்தார். தோற்றவர் மிட்டாய் வாங்கித் தர வேண்டும் என்று ஒரு வழக்கம் அன்றிலிருந்து வந்துவிட்டது. அடுத்த வாரம் 'சாஞ்சிருச்சு' என்ற சொல்லில் அக்கா ஜெயித்தார். குத்தாலத்துக்காரர் கீழே போய்த் தேன்மிட்டாய் வாங்கி வந்தார். ஆனால் பொதுவாகப் பார்த்தால் மிட்டாய் அதிகம் வந்தது அக்காவின் பையிலிருந்துதான். விதி அப்படி. வாய்க்கால் முடிகிற கடைமடையில் இருந்து பேசுகிறவன் தெளிவான சான்றெல்லாம் கொடுத்துக்கொண்டா பேசுவான்?

ஆவணி முடியும்போது டிவி சிவப்பாகிவிட்டது.

ஓனரை நாங்கள் சார் என்போம். திருச்சியில் இருப்பார், வாரம் ஒருமுறை வெள்ளைக் காரில் வருவார். கத்தமாட்டார். அதுதான் அவரிடம் பயம். அன்றைக்கும் மெதுவாகத்தான் சொன்னார்.

"கம்பெனியில கேக்குறாங்கம்மா. ரெண்டு பேரும் தமிழ் தெரிஞ்சவங்கதானே, ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்றதுல என்ன இவ்ளோ சண்டைன்னு. புரட்டாசி முடியறதுக்குள்ள பச்சை வரலன்னா ஒரு சீட்டை எடுக்கச் சொல்றாங்க. பஞ்சாயத்துல யாரு அதிகமா தோத்திருக்காங்களோ அவங்க சீட்டு. நான் சொல்லல, கம்ப்யூட்டர் சொல்லும்."

எங்கள் மூன்று பேருக்கும் அது யாருடைய சீட் என்று தெரியும். கீழே யாரோ கிரைண்டரை ஓட்டினார்கள். தரை நடுங்கியது. அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு திரும்பத் திரையைப் பார்த்து வேலை செய்ய ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் படியிறங்கும்போது குத்தாலத்துக்காரர் என்னிடம் கேட்டார். "அக்கா சீட்டு போனா துபாய்தானே?"

"வாக்குக் குடுத்திருக்காங்களே."

"ம்" என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்.

அதற்கப்புறம் ஆபீஸ் அமைதியாகிவிட்டது. கேலி இல்லை. "என்னக்கா, இன்னைக்குத் தூக்கத்துல போட்டீங்களா?" என்கிற குத்தல் இல்லை. இரண்டு பேரும் திரையைப் பார்ப்பார்கள், தட்டுவார்கள், ஒவ்வொரு வாக்கியத்திலும் முன்னைவிட அதிக நேரம் நிற்பார்கள். விரல் போகும், திரும்பி வரும், மறுபடி போகும். இரண்டு பேரும் ஒத்துப்போகத்தான் கஷ்டப்படுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. இனிமேல் பச்சை வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. டிவி சிவப்பிலேயே இருந்தது. இன்னும் கொஞ்சம் கருஞ்சிவப்பானது போலக்கூட இருந்தது. அந்த வெளிச்சத்தில் அக்காவின் வெள்ளைத் துப்பட்டி எப்போதும் ரோஜா நிறமாகத் தெரிந்தது.

வெளியே வெயில் ஒருமாதிரி மஞ்சளாக அடித்தது. காற்று சுத்தமாக இல்லை. புழுக்கத்தில் கொசு பகலிலேயே வந்தது. கீழ்க்கடை அண்ணன், "இந்த வருசம் அடிச்சு ஊத்தப் போவுது பாருங்க" என்று ஏதோ நல்ல செய்தி மாதிரிச் சொன்னார்.

சனிக்கிழமை வந்தது. பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தோம். முதல் வாக்கியமே தண்ணீர். "கட்டத்துல மழ விட்டும் வயல்ல தண்ணி நிக்குது." பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் என்ன சொல்வார்கள் என்று நானே மனப்பாடமாக ஒப்பிப்பேன்.

"சொல்லுங்க, சார்வாள். வேண்டிய அளவு இருக்குன்னுதானே?" என்றேன் குத்தாலத்துக்காரரிடம்.

அவர் தொண்டையைச் செருமினார். "இல்ல ஜட்ஜம்மா. இது வடியாம தேங்கிக் கெடக்கு. கடல் உள்ள வாங்கல. பாவம், என்ன பண்றதுன்னு கேக்குறான்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அப்புடித் தோணல. நட்ட வயல்ல தண்ணி நின்னா நல்லதுதான். கேள்விக்குறி இல்ல பாரு. சந்தோஷமாத்தான் சொல்றாஹ" என்றார்.

கீழே கிரைண்டர் நின்றது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

அவர்தான் முதலில் கேட்டார். "அக்கா, நீங்க நான் போடுற மாதிரி போட்டிருக்கீங்களா?"

"நீங்க என்னைய மாதிரி போட்டிருக்கீங்களே."

"உங்க சீட்டு போவக் கூடாதுன்னுதான்க்கா. நீங்க என்ன போடுவீங்கன்னு யோசிச்சு யோசிச்சு அதையே போட்டேன். ஒத்துப்போயிரும்னு."

"நானும் அதைத்தான பண்ணுனேன். தம்பி என்ன போடுவாருன்னு பாத்துப் போட்டா சண்ட இருக்காதுன்னு."

இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது விதி, அதை மட்டும் கறாராகப் பின்பற்றியிருக்கிறார்கள். எதிரெதிரே சைக்கிளில் வருகிற இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வது மாதிரி ஆகியிருந்தது. முன்பு என்றால் ஒத்துப்போயிருக்கும் வாக்கியங்களில்கூட, மற்றவர் வேறு மாதிரி போடுவார் என்று நினைத்து இடித்துக்கொண்டார்கள். முன்பாவது ஒவ்வொருவரும் தான் நம்புவதைப் போட்டார்கள். இப்போது இரண்டு பேர் போட்டதிலும் அவர்கள் நம்புகிறது எதுவுமே இல்லை.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அக்கா கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்துவிட்டு, அப்புறம் அந்தத் தண்ணீரைத் துடைக்கவே இல்லை. அன்று மிட்டாய் யார் வாங்குவது என்று தெரியாமல் யாருமே வாங்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். குத்தாலத்துக்காரர் நல்ல மனுசன், அவரால் விட முடியவில்லை. திங்கட்கிழமை சார் வந்ததும் அவரே எழுந்து போய் எல்லாவற்றையும் சொன்னார். நின்றுகொண்டே சொன்னார். இந்த மாதச் சிவப்பு உண்மையான சிவப்பு இல்லை, ஒருவருக்கு ஒருவர் விட்டுக்கொடுத்ததில் வந்தது, இதை வைத்து அக்காவைக் கணக்குப் பார்க்கக் கூடாது என்றார். நியாயமான வாதம். நானாக இருந்தால் அக்காவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொல்லியிருப்பேன்.

சார் முழுவதும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஆச்சரியமாக ஒரு கேள்வி கேட்டார்.

"அக்கா என்ன போடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். ஆறு மாசமா சண்டை போட்டிருக்கேன்ல."

"கரெக்டா போட்டீங்களா?"

அவர் பெருமையாக, "ஜட்ஜம்மாவக் கேளுங்க. அப்புடியே அக்கா மாதிரியே பேசுனேன்" என்றார்.

சார் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். நாங்கள் எதற்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு முன்னால் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் திரையின் பக்கம் திரும்பியது.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றார் சார். அதே மெதுவான குரல். "நீங்களே ரெண்டு பேரு மாதிரியும் போடுறீங்க. கம்பெனி கேக்குறது ரெண்டு லாகின். ரெண்டு ஆள் எதுக்கு? காலையில உங்க சீட்டுல உங்கள மாதிரி போடுங்க. மதியம் அக்கா சீட்டுல உக்காந்து அக்கா மாதிரி போடுங்க. ரெண்டு கருத்தும் வந்துருச்சு, சண்டையும் இல்ல."

"சார், அதுக்கு அக்காவே போட்டாத்தான..."

"நீங்கதானே இப்ப சொன்னீங்க, அப்புடியே அக்கா மாதிரின்னு."

நான் எழுந்தேன். எனக்கு வாய் அடங்காது என்று ஊருக்கே தெரியும். "சார், அப்ப அக்காவும்தான் இவரு மாதிரிப் போடுறாங்க. அக்காவ வெச்சுக்கலாம்ல?" என்றேன்.

"அதுக்குத்தான்மா தோத்தவங்க கணக்கு." அவர் போனைப் பார்த்தார். அவ்வளவுதான்.

அக்கா அந்த வாரம் முழுக்க வந்தார். நேரத்துக்கு வந்தார், நேரத்துக்குப் போனார். கடைசி நாளில் தன் மேஜையைத் துடைத்தார். குத்தாலத்துக்காரர் பக்கத்தில் போய் நின்று, "அக்கா, நான் வேணா நின்னுக்கிறேன். நீங்க இருங்க. நான் முன்னாடி வேலை பாத்த உரக்கடைக்கே திரும்பிப் போயிருறேன்" என்றார். அவர் அதை ஏற்கெனவே சாரிடம் போனில் கேட்டுப் பார்த்திருந்தார். சார் 'பாக்கலாம்' என்றிருந்தார். பார்க்கமாட்டார் என்று எங்களுக்குத் தெரியும்.

"நீங்க போயி, நானும் போயி, அப்பறம் எங்க ஊருக்காக யாரு தம்பி போடுறது?" என்றார் அக்கா. "நீங்களாச்சும் ஞாபகமாப் போடுங்க. கட்டத்தப் பாத்தா எங்க ஊரயும் ஒருதரம் வெச்சுப் படிங்க."

"கண்டிப்பாக்கா."

"புள்ள, நீ விதிய மட்டும் படிக்காத" என்று என் கன்னத்தைத் தட்டினார். பொங்கல் வரைக்கும் இருப்பார் என்று நினைத்தோம். வீட்டுக்காரர் டிக்கெட் சீக்கிரமே போட்டுவிட்டார். பெண்ணுக்கு டி.சி. வாங்க என்னோடு ஸ்கூட்டியில் வந்தபோது, பெரிய கோயில் பக்கம் சிக்னலில் வண்டி நின்ற இடத்தில், "மழக்காலத்துல நான் ஊர்ல இல்லாம இருந்ததே இல்ல" என்றார்.

அதற்கப்புறம் காலையில் குத்தாலத்துக்காரர் தன் சீட்டில் உட்காருவார். மதியச் சாப்பாடு முடிந்ததும் எழுந்து வந்து அக்கா சீட்டில் உட்காருவார். நாற்காலியின் உயரத்தைக்கூட மாற்றமாட்டார், முட்டி இடிக்க உட்காருவார். முதல் வாரம் தனக்குத் தானே முணுமுணுப்பார். "எங்க பக்கம் கடலு வாங்கணும், தம்பி." அக்காவின் குரல்கூடக் கொஞ்சம் வரும்.

முதல் சனிக்கிழமை பஞ்சாயத்துக்கு நிறைய வந்தது. அவருக்கு எதிராக அவரே உட்கார்ந்து, இந்தப் பக்கம் திரும்பி ஒன்று, அந்தப் பக்கம் திரும்பி ஒன்று சொன்னார். நான் தீர்ப்பு சொன்னேன். தோற்றது அக்கா சீட் என்றால் அவரே போய்க் கடலை மிட்டாய் வாங்கி வந்தார். கூத்து மாதிரி இருந்தது. இரண்டாவது சனிக்கிழமை கொஞ்சமாக வந்தது. டிவி மஞ்சளானது. அதற்கடுத்த சனிக்கிழமை ஒரு கை எண்ணிக்கைதான்.

"என்னங்க, அக்கா ரொம்ப சாதுவாயிட்டாங்க?" என்று கேட்டேன், கிண்டலாகத்தான்.

அவர் சிரிக்கவில்லை. கண்களைக் கசக்கினார்.

"அக்கா என்ன சொல்வாங்கன்னு மொதல்ல எல்லாம் உடனே வந்துரும், ஜட்ஜம்மா. இப்ப யோசிக்க வேண்டியிருக்கு. காலையில நான் என்ன போட்டேன்னு ஞாபகம் இருக்குல்ல, அது முன்னாடி வந்து நிக்குது. அக்கா இதுக்கு ஒத்துக்குவாங்கன்னு தோணுது. நெசமா தோணுதா, எனக்கா தோணுதான்னு தெரியல."

ஐப்பசி பாதியில் டிவி பச்சையாகிவிட்டது. சார் திருச்சியிலிருந்து கேக் வாங்கி வந்தார். கம்பெனியில் ரொம்ப சந்தோஷம், இனிமேல் பழைய செய்திகள் இல்லை, இந்த மழைக்காலத்துச் செய்திகளையே நேரடியாக நம்மிடம் அனுப்புகிறார்களாம், நாம் தட்டுகிறதை வைத்து அன்றன்றைக்கே பிரிப்பார்களாம். கேக்கில் பச்சை நிறத்தில் க்ரீம். நான் சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது.

நம்ம ஊர் மழை தெரியும்தானே. விட்டு விட்டுப் பெய்யாது. சாம்பல் நிறத்தில் ஒரே சத்தமாக இறங்கும். கீழ்க்கடைக்காரர் வாசலில் மணல் மூட்டை போட்டார். குத்தாலத்துக்காரர் ரயில் தாமதமாகி நனைந்து வருவார், நனைந்த சட்டையோடு இரண்டு சீட்டிலும் உட்காருவார். செய்திகள் குவிந்தன. எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் விரல் நிற்கவே இல்லை. ஆனால் என் திரையில் ஒன்றும் வரவில்லை. முடிவு செய்ய வேண்டிய வாக்கியங்கள் என்ற தலைப்புக்குக் கீழே வெள்ளையாக ஒரு இடம். அவ்வளவுதான். இரண்டு சீட்டும் ஒத்துப்போகிற எதுவும் என்னிடம் வராது. அதைத் திறந்து பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

சாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சார், ஒத்துப்போனதையும் கொஞ்சம் பாக்கலாமா? சும்மா ஒருதரம்."

"எதுக்கும்மா? சண்டை இருந்தாத்தானே உன் வேலை? சண்டை இல்லாத வீட்டுக்குள்ள நீ ஏன் நொழையுற?"

"இல்ல சார், மழை இப்புடி அடிக்குது. இவ்ளோ செய்தியில ஒண்ணுக்குக்கூட சந்தேகம் வராதா?"

"நல்லாப் பழகிட்டாருன்னு அர்த்தம்" என்று வைத்துவிட்டார்.

குத்தாலத்துக்காரரிடமே கேட்டேன். பக்கத்தில் போய் நின்று அவர் திரையைப் பார்க்கலாமா என்று. அவர் கையால் மறைக்கவில்லை. ஆனால் என்னைப் பார்த்த பார்வையில், வேண்டாம் என்று இருந்தது. பார்த்துவிட்டால் நாங்கள் இரண்டு பேருமே மறுபடி சண்டை போட வேண்டியிருக்கும், பச்சை போய்விடும், அடுத்தது யார் சீட் என்று நாங்கள் எண்ண வேண்டியிருக்கும். நான் என் சீட்டுக்கே திரும்பி வந்தேன். நகத்தைக் கடித்துக்கொண்டு வெள்ளை இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னணியில் ஏசிப் பெட்டியின் இரைச்சல்.

"புள்ள, நல்லா இருக்கியா? தம்பி நல்லா இருக்காரா? அங்க மழையாம்ல. அத்தா போன் போட்டாஹ. நட்ட வயல்ல தண்ணி நிக்குதாம், மூணு நாளா வடியலயாம். வீட்டு வாசல் வரைக்கும் வந்துருச்சாம். ஆப்ல சொல்லுங்கத்தா, எங்க ஆளுங்கதான் பாக்குறாஹன்னு நான்தான் சொன்னேன். சொல்லிட்டாஹளாம். யாரும் வரலயாம். ஒன்கிட்ட வந்துச்சா புள்ள?"

இரண்டு தடவை கேட்டேன். அக்கா அத்தாவுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார், எப்படிச் சொன்னால் எங்கள் மண்டையில் ஏறும் என்று. இருந்தும் அவர் தன் பேச்சில்தான் பேசியிருப்பார். ஊர் பெயரைச் சொல்லியிருப்பார். அதன் மேல் கட்டம் விழுந்திருக்கும்.

திரையைப் பார்த்தேன். வெள்ளை. சுவரைப் பார்த்தேன். பச்சை.

"என்கிட்ட எதுவும் வரலக்கா. அத்தாவ உடனே மேட்டு வீடு எதுக்காச்சும் போகச் சொல்லுங்க. நான் இங்கேர்ந்து யாரயாச்சும் புடிக்கிறேன்" என்று அனுப்பினேன். இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் இல்லை. திருத்துறைப்பூண்டியில் எனக்கு யாரைத் தெரியும் என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். காலேஜில் கூடப் படித்தவள் ஒருத்தி இருந்தாள். அவள் போன் அணைந்து கிடந்தது.

கரண்ட் போனது. கீழே கிரைண்டர் நின்றது. யு.பி.எஸ். பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. அந்த இருட்டு அறையில் எங்கள் திரைகளும் பச்சை டிவியும் மட்டும் எரிந்தன.

"யாரு, அக்காவா?" என்று கேட்டார் குத்தாலத்துக்காரர். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார். "என்ன சொல்றாங்க?"

நான் போனை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வால்யூமைக் கூட்டி நானே ஓடவிட்டேன். அக்காவின் குரல் முழுவதுமாக ஓடி முடிந்தது. அவர் தலை குனிந்து கேட்டார்.

"இன்னைக்குக் காலையில அந்த மாதிரி நெறைய வந்துச்சு" என்றார் கடைசியில். "எல்லாத்துலயும் தண்ணிதான். எல்லாத்துலயும் கட்டம்தான்."

"நீங்க என்ன போட்டீங்க?"

"காலையில நான் என்ன போடுவேனோ அதான் போட்டேன்."

அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தன் சீட்டிலிருந்து கிளம்பி, நனைந்த செருப்பு தரையில் சப்தமிட, என்னைத் தாண்டி நடந்து, அக்கா சீட்டில் முட்டி இடிக்க உட்கார்ந்தார். திரையில் காலை வாக்கியங்கள் வரிசையாகத் திரும்ப வந்து நின்றன. அவர் விரல் முதல் வாக்கியத்தின் மேல் போய் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. நான் என் திரையின் வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் காலையில் போட்டதற்கு மாறாகத் தட்டி அதில் ஒரு வரியாவது விழுகிறதா என்று.